பெரியம்மாவின் கண்புரை: அரச வைத்தியசாலையா, தனியாரா, மதுரையா?

கண்புரைச் சத்திரசிகிச்சை என்று வரும்போது கொழும்பில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் மூன்று வழிகளைப் பற்றியே பேசுகின்றன: லிப்டன் சுற்றுவட்டத்துக்கு அருகிலுள்ள தேசிய கண் வைத்தியசாலை, நகரின் தனியார் வைத்தியசாலைகளில் ஒன்று, அல்லது விமானமேறி மதுரை. எங்களுடன் வெள்ளவத்தையில் இருக்கும் பெரியம்மாவுக்கு வயது 74. நீண்டகால நீரிழிவு நோயாளி. மூன்றையும் விசாரித்துப் பார்த்த பின்னர் அரச வைத்தியசாலையையே தெரிவு செய்தோம். "பிள்ளைகள் வெளிநாட்டில் உழைக்க, மனிசியைப் பெரியாஸ்பத்திரி வரிசையிலா நிற்க விடுகிறீர்கள்?" என்று உறவினர்கள் முகம் சுழித்ததால், காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

சத்திரசிகிச்சை முறையைப் பற்றி நீண்ட நேரம் யோசிக்கத் தேவையில்லை. பேகோ எனப்படும் முறையில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் அளவான கீறல் வழியாகப் புரையைக் கழியொலியால் உடைத்து உறிஞ்சி எடுத்து, மடிக்கக்கூடிய வில்லையை உள்ளே வைக்கிறார்கள். புரையை உடைக்காமல் கையால் வெளியே எடுக்கும் மற்ற முறையில் கீறல் ஆறு ஏழு மில்லிமீற்றர் வரை இருக்கும். நன்கு முற்றி இறுகிப்போன புரைக்கு அதுவே பாதுகாப்பானது என்று கருதும் வைத்தியர்களும் உண்டு. முதலாவதில் பார்வை விரைவாகத் தெளிகிறது. சில வாரங்கள் கழிந்த பின்னர் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. எது பொருத்தம் என்பதைப் புரையின் கடினத்தைப் பார்த்து வைத்தியர் தீர்மானிப்பதே முறை.

தனியார் வைத்தியசாலைகளில் நாங்கள் விசாரித்தபோது ஒரு கண்ணுக்குச் சொல்லப்பட்ட தொகை, வில்லையைப் பொறுத்து, ஒன்றரை இலட்சம் ரூபாயை ஒட்டித் தொடங்கி மூன்று இலட்சத்தைத் தாண்டியும் போனது. வில்லைகள் இறக்குமதியாகின்றன, 2022 இல் டொலரின் விலை சில மாதங்களுக்குள் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றறுபது வரை ஏறியதை அனுபவித்தவர்களுக்கு இந்தத் தொகைகள் ஏன் நிலையாக நிற்பதில்லை என்று விளக்க வேண்டியதில்லை. சொல்லப்படும் தொகைக்குள் குருதிப் பரிசோதனை, இ.சி.ஜி., சொட்டு மருந்து, பின்னர் காட்டுவதற்கான சனலிங் (நிபுணரை முன்பதிவு செய்து காணும்) கட்டணம் ஆகியவை அடங்குகின்றனவா என்பதை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. எங்களுக்குக் கிடைத்த பதில்கள் இடத்துக்கு இடம் வேறுபட்டன. ஓய்வூதியம் பெறுபவர்கள் அரச சேவையினருக்கான அக்ரஹார காப்புறுதியில் எவ்வளவு கிடைக்கும் என்பதையும் அனுமதிக்கப்படுவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளலாம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மாலையில் தனியார் வைத்தியசாலையில் நாம் சனல் பண்ணிக் காணும் கண் வைத்திய நிபுணர் பல வேளைகளில் காலையில் அரச வைத்தியசாலையில் கடமை செய்பவரே. ஆகவே பணம் கொடுத்து வாங்குவது பெரும்பாலும் விரைவான திகதியையும், தனி அறையையும், வில்லையைத் தெரிவு செய்யும் வசதியையும்தான்.

அந்த வில்லைத் தெரிவுதான் குடும்பங்களை அதிகம் குழப்புகிறது. ஒற்றைக் குவிய வில்லை போட்டால் தூரப்பார்வை தெளியும், வாசிக்கக் கண்ணாடி வேண்டும். பல்குவிய வில்லை கண்ணாடியின் தேவையைக் குறைக்கும்; ஆனால் இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவளையங்கள் தெரியலாம், மங்கலான வெளிச்சத்தில் பொருள்கள் பிரிந்து தெரிவதும் குறையலாம். நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களுக்கு அதைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்பதால் பெரியம்மாவைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி எழவேயில்லை. பல்குவிய வில்லை போட்டுக்கொண்ட எவரையும் நான் அருகிலிருந்து பார்த்ததில்லை. ஆகவே அதைப் பற்றி மேலும் சொல்லாமல் விடுகிறேன். கண்ணின் நீளத்தை அளப்பதில் ஒரு மில்லிமீற்றர் பிழைத்தாலும் வில்லையின் வலு ஏறக்குறைய மூன்று டயொப்டர் பிசகிவிடும். விலையுயர்ந்த வில்லையைத் தேடுபவர்கள் அளவீடு எந்தக் கருவியில் செய்யப்படுகிறது என்பதையும் சேர்த்து விசாரிக்க வேண்டும்.

மதுரையைப் பற்றி எங்கள் குடும்பத்தில் நல்ல வார்த்தையே உண்டு. 1976 இல் டொக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் பெயர் இங்கும் பரிச்சயமானது. அதனுடன் இணைந்த ஒரோலாப் 1992 முதல் வில்லைகளை உள்ளூரிலேயே தயாரித்ததால்தான் அங்கு செலவு அவ்வளவு குறைந்தது. எல்லாவற்றையும் தமிழிலேயே கேட்டுத் தமிழிலேயே பதில் பெறலாம் என்பது, சிங்களம் தெரியாத ஒரு வயோதிபப் பெண்ணுக்குச் சிறிய விடயமல்ல. ஆனால் விசா, இருவருக்கான விமானச்சீட்டு, தங்கும் செலவு ஆகியவற்றைக் கூட்டினால் கொழும்புத் தனியார் செலவுக்கும் அதற்கும் இடையிலான வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. நான் அங்கு போனதில்லை. போய் வந்த உறவினர்கள் சொன்னதையே எழுதுகிறேன்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது சத்திரசிகிச்சைக்குப் பிந்திய காலம். சத்திரசிகிச்சை அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். சொட்டு மருந்து நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை நீளும். கிருமிக்கொல்லி ஒன்று, ஸ்டீரொயிட் ஒன்று. ஸ்டீரொயிட்டைத் திடீரென நிறுத்தாமல் வாரத்துக்கு வாரம் குறைத்துக்கொண்டு வர வேண்டும். ஒரு மருந்துக்கும் மற்றதுக்கும் இடையே ஐந்து நிமிடமாவது விட வேண்டும், குப்பியின் நுனி இமையில் படக்கூடாது, திறந்த குப்பியை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆங்கிலத்தில் தந்த மருந்துத் துண்டைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, சிவப்பு மூடி, வெள்ளை மூடி என்று அடையாளமிட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினோம். அப்படியிருந்தும் பெரியம்மா தானாகச் சொட்டு விட்டால் பாதி கன்னத்தில் வழிந்தது. யாராவது ஒருவர் வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது.

முதல் வாரத்தில் கண் வலித்துச் சிவந்து பார்வை குறைந்தால், அது கண்ணுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். அரிதானதுதான், ஆனால் அன்றே கவனிக்காவிட்டால் கண் போய்விடலாம். அந்நேரத்தில் மதுரையிலிருக்கும் வைத்தியருக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. வெள்ளவத்தையிலிருந்து லிப்டன் சுற்றுவட்டத்துக்கு முச்சக்கரவண்டியில் போய்விடலாம். 2023 இல் நுவரெலியாவில் மாசடைந்த பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் சொட்டு மருந்தால் சத்திரசிகிச்சை செய்துகொண்ட சிலரின் பார்வை பாதிக்கப்பட்டதைச் சுட்டிக்காட்டி அரச வைத்தியசாலையே வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதனாலேயே, பிரச்சினை வந்தால் உடனே ஓடிப்போகக்கூடிய இடம் எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது.

இதற்கு மேல் நீரிழிவு இருக்கிறது. புரையை அகற்றினாலும் விழித்திரையை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்; லேசர் தேவைப்படலாம், கண்ணுக்குள் ஏற்றும் ஊசி தேவைப்படலாம். சில மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்து வில்லைக்குப் பின்னுள்ள உறை மங்கினால், அதைத் திறக்க இன்னொரு லேசரும் உண்டு. தனியாரில் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டணம். தேசிய கண் வைத்தியசாலையில் ஒரே கிளினிக் கொப்பியுடன் ஒரு பிரிவிலிருந்து மற்றப் பிரிவுக்கு அனுப்புகிறார்கள். முந்திய பரிசோதனைகள் அதிலேயே இருக்கின்றன. ஒருமுறை கட்டி முடிக்கும் செலவை மட்டும் பார்த்திருந்தால் நாங்களும் தனியாருக்கே போயிருப்போம். ஆண்டுக்கணக்கான பராமரிப்பைச் சேர்த்துப் பார்த்தபோது தராசு மறுபக்கம் சாய்ந்தது.

இதற்கான விலை காத்திருப்பு. விடியற்காலையில் போய் இலக்கம் எடுக்க வேண்டும், வாங்குகளில் மணிக்கணக்கில் இருக்க வேண்டும், சத்திரசிகிச்சைத் திகதிக்கு மாதங்கள் பிடித்தன. எங்களுக்கு அந்த மாதங்கள் வீணாகவில்லை, ஏனெனில் பெரியம்மாவின் சீனி அளவு அதற்குள் கட்டுப்பாட்டுக்கு வந்தது. ஆனால் வாகனம் ஓட்டி உழைப்பவருக்கும், புரை வீங்கிக் கண் அமுக்கம் ஏறத் தொடங்கியவருக்கும், கூட வந்து காத்திருக்க ஆளில்லாதவருக்கும் தனியாரே சரி. கையில் பணம் இருந்தால் அவர்கள் தயங்க வேண்டியதில்லை. புரொஸ்டேற் வீக்கத்துக்கு டம்சுலோசின் குளிசை எடுக்கும் ஆண்கள் எங்கே போனாலும் அதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அந்தக் குளிசையால் கண்மணியைச் சுற்றியுள்ள நிறத்திரை (கதிராளி) தளர்ந்து சத்திரசிகிச்சையைச் சிக்கலாக்கலாம்.

ஒரு கண்தான் முடிந்திருக்கிறது. புதிய கண்ணாடிக்கான அளவைச் சொட்டு மருந்து முடிந்த பின்னரே எடுத்தார்கள். இப்போது பெரியம்மா வீரகேசரியின் மரண அறிவித்தல்களைத் தானே வாசிக்கிறார். மற்றக் கண்ணுக்கும் அதே கிளினிக்கில் பெயர் பதிந்தாயிற்று, திகதி இன்னும் தரவில்லை.