ஆஷ்கோஷுக்குப் பறந்து போனால்: ஒரு சென்னை விமானியின் மதிப்புரை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்கோஷ் நகரில், ஒவ்வோர் ஆண்டும் ஜூலை இறுதியில் ஒரு வாரம் நடைபெறும் ஏர்வென்ச்சர் வான்விழாவுக்குச் சென்று வந்ததிலிருந்து, மீனம்பாக்கத்தில் என்னைக் காணும் விமானி நண்பர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: அவ்வளவு பணம் செலவழித்துப் போகத் தகுந்ததா? தகுந்ததுதான், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. காரில் போய் வாயிலில் இறங்கிச் சீட்டு வாங்குவதைவிட, எப்பாடுபட்டாவது ஒரு சிறு விமானத்தில் இடம்பிடித்து, அந்த ஓடுபாதையிலேயே போய் இறங்க வேண்டும். இந்த மதிப்புரையின் பெரும்பகுதி அந்த நிபந்தனையைப் பற்றியதே.

விழாவை நடத்துவது, பால் பொபரெஸ்னி என்பவர் 1953-இல் மில்வாக்கியில் தொடங்கிய சோதனை விமானச் சங்கம். தங்கள் வீட்டுக் கொட்டகையில் தாங்களே விமானம் கட்டிக்கொண்ட ஒரு சிறு கூட்டத்தின் சந்திப்பாகத் தொடங்கியது, 1959-இல் இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டுக்கும், 1970-இல் ஆஷ்கோஷ் நகரின் விட்மன் விமான நிலையத்துக்கும் இடம்பெயர்ந்தது. இன்று எழுபதாயிரம் பேர்கூட வசிக்காத அந்த ஊருக்கும் அதன் சுற்றுப்புற விமான நிலையங்களுக்கும் அந்த ஒரு வாரத்தில் ஏறத்தாழ 10,000 விமானங்கள் வருகின்றன. 2024-இல் வந்து போனவர்கள் 6,86,000 பேர் என்று சங்கம் அறிவித்தது. அந்த நாட்களில் உலகிலேயே மிகுந்த வேலையுள்ள கட்டுப்பாட்டுக் கோபுரம் விட்மனுடையதுதான்.

சிகாகோவின் மேற்குப் புறநகரில் வசிக்கும் என் கல்லூரித் தோழர், இன்னும் இருவருடன் கூட்டாக செஸ்னா 172 என்ற நான்கு இருக்கைச் சிறு விமானம் ஒன்றை வைத்திருக்கிறார். விழா தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் இடது இருக்கையிலும் நான் வலது இருக்கையிலும், நங்கநல்லூரிலிருந்து வந்திருந்த ஏர்பஸ் துணை விமானி ஒருவர் கூடாரத்துக்கும் படுக்கைப் பைகளுக்கும் நடுவே பின்னிருக்கையிலுமாகப் புறப்பட்டோம். அந்த வாரத்துக்கென்றே அமெரிக்க வான்போக்குவரத்து நிர்வாகம் முப்பது பக்கங்களுக்கும் மேற்பட்ட ஓர் அறிவிப்பை வெளியிடுகிறது. விமானிகள் அதைப் பழைய பழக்கத்தில் நோட்டாம் என்றே சொல்கிறார்கள். அதை அச்சிட்டு, வண்ணப் பேனாவால் கோடிட்டு, மூன்று இரவுகள் பரீட்சைக்குப் படிப்பதுபோல நாங்கள் படித்திருந்தோம். படிக்காமல் வருபவர்கள் யார் என்பது வானில் இரண்டு நிமிடங்களுக்குள் தெரிந்துவிடும்.

வழி ரிப்பன் என்ற சிற்றூரின் மேல் தொடங்குகிறது. அந்தப் பெயரைக் கேட்டதும் சென்னைக்காரருக்கு மாநகராட்சியின் வெள்ளைக் கட்டடம் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. அங்கிருந்து வடகிழக்காக ஒரு ரயில் பாதை போகிறது. அதன் மேலேயே, கடல் மட்டத்திலிருந்து 1,800 அடி உயரத்தில், 90 நாட் (மணிக்கு ஏறத்தாழ 167 கிலோமீட்டர்) வேகத்தில் பறக்க வேண்டும். அவ்வளவு மெதுவாகப் பறக்க இயலாத விமானங்களுக்கு 2,300 அடி, 135 நாட். முன்னால் போகும் விமானத்துக்கும் நமக்கும் அரை மைல் இடைவெளி இருக்க வேண்டும். முந்தக் கூடாது, பக்கத்தில் இணையாகப் போகக் கூடாது, வளைந்து வளைந்து நேரம் கடத்தக் கூடாது. இடைவெளி கெட்டுவிட்டால் வரிசையை விட்டு விலகி, திரும்பிப் போய், மறுபடியும் வால்பகுதியில் சேர வேண்டும். கூட்டம் மிகுந்த நேரங்களில் அந்த வரிசை ரிப்பனுக்கும் வெகு முன்னாலேயே தொடங்கிவிடும். நாங்கள் போன காலையில் கிரீன் லேக் என்ற ஏரியின் அருகே சேர்ந்துகொள்ளுமாறு பதிவுசெய்த அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

இதில் ஓர் அதிசயம் உண்டு. இத்தனை விமானங்களும் ரேடியோவில் வாய் திறப்பதில்லை. ஃபிஸ்க் என்ற கிராமத்தருகே தரையில் உட்கார்ந்து, தொலைநோக்கியில் அண்ணாந்து பார்க்கும் கட்டுப்பாட்டாளர்கள் மட்டுமே பேசுகிறார்கள். பதிவெண்ணைக் கேட்பதில்லை, நிறத்தையும் வடிவத்தையும் சொல்லித்தான் அழைக்கிறார்கள். வெள்ளை நிற, மேல் இறக்கை விமானமே, இறக்கைகளை ஆட்டு என்றால், அது நாமாக இருந்தால் ஆட்ட வேண்டும். அந்த ஆட்டம்தான் பதில். எங்கள் முறை வந்தபோது என் தோழர் செஸ்னாவை இடமும் வலமுமாகச் சாய்த்த சாய்ப்பில் பின்னிருக்கைக்காரரின் தண்ணீர்ப் புட்டி உருண்டு என் காலடிக்கு வந்தது. நன்றாக ஆட்டினீர்கள் என்று பாராட்டிவிட்டு, எந்த ஓடுபாதை, எந்த அலைவரிசை என்று இரண்டே சொற்றொடர்களில் சொல்லி, அடுத்த விமானத்துக்குப் போய்விட்டார் கட்டுப்பாட்டாளர்.

சென்னையில் பயிற்சி பெற்றவர்களுக்கு இது எவ்வளவு விசித்திரம் என்பதைச் சொல்ல வேண்டும். இங்கே ஒரு சிறு விமானத்தை இன்னோர் ஊருக்குக் கொண்டுபோவதென்றால் பயணத் திட்டம் தாக்கல் செய்து, விமானத் தகவல் மையம் தரும் எஃப்.ஐ.சி. எண்ணும் வான்பாதுகாப்பு அனுமதியான ஏ.டி.சி. எண்ணும் பெற்று, கோபுரம் சொல்வதையெல்லாம் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்லிப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தில் பொத்தானை அழுத்தி எங்கே பதில் சொல்லிவிடுவேனோ என்று பயந்து, ஃபிஸ்க்கைக் கடக்கும்வரை நான் என் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஓடுபாதையில் பெரிய வண்ணப் புள்ளிகள் வரையப்பட்டிருக்கின்றன. ஒரு விமானம் ஆரஞ்சுப் புள்ளியில் இறங்கி உருண்டுகொண்டிருக்கும்போதே பின்னால் வருவது பச்சைப் புள்ளியில் இறங்கும். அவ்வாறே ஒரே பாதையில் அடுத்தடுத்து விமானங்கள் தரைதொடுகின்றன. பச்சைப் புள்ளி என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. அதைத் தாண்டி முப்பதடியில் சக்கரம் தொட்டது. நல்வரவு சொல்லிவிட்டு, உடனே புல்லுக்குள் விலகிப் போகச் சொன்னார்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளில் எங்கள் முகாம் பகுதியின் எழுத்துகளைப் பார்த்து, கொடி பிடித்த தன்னார்வலர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் எங்களை வழிநடத்திப் புல்வெளியின் ஒரு மூலையில் நிறுத்தினார்கள். இப்படி 5,000-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் அங்கே வேலை செய்கிறார்கள். பாதிப் பேர் பணி ஓய்வு பெற்றவர்களைப்போல் இருந்தார்கள். மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவில் நீர்மோர்ப் பந்தல் வைத்து ஊற்றிக் கொடுப்பவர்களின் முகத்தில் இருக்கும் அதே நிறைவு அவர்களிடமும் இருந்தது.

விமானத்தின் இறக்கைக்குக் கீழேயே கூடாரம் அடித்துத் தங்குவதுதான் அங்கே வழக்கம். விமானத்தைத் தரையோடு கட்டியே ஆக வேண்டும். மாட்டுக்கு முளை அடிப்பதுபோல மூன்று இடங்களில் இரும்பு முளை அடித்து, கயிற்றை இறுக்கிக் கட்ட வேண்டும். அதன் அவசியம் இரண்டாம் இரவே புரிந்தது. நள்ளிரவுக்கு மேல் இடியுடன் வந்த மழையில் காற்று செஸ்னாவின் இறக்கையைத் தூக்கப் பார்த்தது. கயிறு தாங்கியது; கூடாரத்துக்குள்தான் தண்ணீர் புகுந்தது. விடிந்ததும், பக்கத்து வரிசையில் மிசௌரியிலிருந்து வந்திருந்த ஒரு முதிய தம்பதியினர் எங்கள் ஈரப் படுக்கைகளைத் தங்கள் விமானத்தின் இறக்கைமேல் உலர்த்தச் சொல்லி, காப்பியும் கொடுத்தார்கள். 2010-இல் மழையால் முழு வயலும் சேறாகி, விமானங்களை உள்ளே விடவே முடியாமல் போன கதையை அவர்கள்தான் சொன்னார்கள். ஜூலைதானே என்று மெல்லிய போர்வை கொண்டுபோன நானும் துணை விமானியும் விடியற்காலைக் குளிரில் நடுங்கினோம் என்பதையும் குறிப்பிட்டுவிடுகிறேன்.

விழாவுக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்பதைப் பட்டியலிட முயல்வது வீண்வேலை. இரண்டாம் உலகப்போர்க் கால விமானங்களுக்கு ஒரு பகுதி, பழம்பெரும் விமானங்களுக்கு ஒரு பகுதி, வின்னபேகோ ஏரிக் கரையில் நீர்விமானங்களுக்கு ஒரு தளம், நான்கு பெரிய கூடங்களில் கடைகள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட உரைகளும் பட்டறைகளும் ஒரே வாரத்தில் நடப்பதால், மார்கழியில் கச்சேரிப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் மூன்று சபாக்களில் பிடித்தவர்கள் பாடும்போது நாம் படும் பாட்டை அங்கே ஒவ்வொரு காலையும் பட்டேன். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்பேன்: உலோகத்தகடு பட்டறை. அலுமினியத் தகட்டில் துளையிட்டு, தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடிக்க, பல விமானங்கள் கட்டிய ஒருவர் கைபிடித்துச் சொல்லிக் கொடுத்தார். நான் அடித்த பன்னிரண்டில் நான்கைத்தான் அவர் ஏற்றுக்கொண்டார்.

அந்தப் பட்டறைக்கு வெளியே வரிசை வரிசையாக நிற்பவை எல்லாம் வீட்டில் கட்டப்பட்டவை. வேலையின் பெரும்பகுதியைத் தானே செய்ததாக நிரூபித்தால், ஓர் ஆசிரியரோ தச்சரோகூடத் தன் விமானத்தைப் பதிவு செய்துகொள்ள அமெரிக்கச் சட்டம் இடமளிக்கிறது. கட்டிக்கொள்வதற்கான பாகங்களை விற்கும் வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்.வி. வகை விமானங்கள் மட்டுமே 10,000-க்கும் மேல் இப்படிக் கட்டிப் பறக்கவிடப்பட்டிருக்கின்றன. சென்னைக்கு இது அன்னியமானதன்று. 1910-இல் மவுண்ட் ரோட்டில் விடுதி நடத்திய தாஞ்செலிஸ், சிம்சன் பட்டறையில் ஒரு விமானத்தைக் கட்டுவித்து, பல்லாவரத்தில் சோதித்து, தீவுத்திடலில் மக்களுக்குப் பறந்து காட்டினார். ஆனால் நூறாண்டுகள் கழித்து மும்பையில் மொட்டை மாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவ், அதைப் பதிவு செய்ய ஆண்டுக்கணக்கில் அலைந்து 2017-இல்தான் பதிவு பெற்றார். ஆர்.வி. வரிசைகளுக்கு நடுவே நடந்தபோது இந்த எண்ணத்தை என்னால் உதற முடியவில்லை.

பிற்பகல் சாகசக் காட்சியைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அது சிறப்பானதே, புதனும் சனியும் இரவில் வாணவேடிக்கையோடு நடக்கும் காட்சி குழந்தைகளுக்கு மறக்காது. ஆனாலும் மூன்றாம் நாள் எல்லாச் சுழற்சியும் ஒன்றுபோலவே தோன்றத் தொடங்கிவிட்டது. 2024 அக்டோபர் 6-இல் மெரினாவில் விமானப்படை நடத்திய காட்சிக்குப் போயிருந்தவர்களுக்கு, ஆஷ்கோஷில் வியப்பு தருவது தலைக்கு மேலே நடப்பதைவிடத் தரையில் நடப்பதாகத்தான் இருக்கும். மெரினாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே முற்பகலில், ஒரே கடற்கரையில் திரண்டார்கள். ஐந்து பேர் உயிரிழந்தார்கள். ஆஷ்கோஷின் கூட்டம் ஒரு வாரத்துக்கும் ஒரு முழு விமான நிலையப் பரப்புக்கும் பிரிந்து போகிறது என்பதால் நேரடியாக ஒப்பிடுவது நியாயமன்று. ஆனால் நிழலும் தண்ணீரும் கழிப்பறையும் கண்ணுக்கெட்டிய தொலைவிலேயே இருப்பதும், தரையில் ஒரு காகிதத் துண்டுகூடக் கிடக்காததும் தற்செயலாக வந்தவையல்ல.

சாப்பாட்டில் சைவர்கள் கொஞ்சம் தவிக்க வேண்டியிருக்கும். வாட்டிய சோளக்கதிரும், மாவில் தோய்த்துப் பொரித்த பாலாடைக்கட்டித் துண்டுகளும் முதல் நாள் அமிர்தம். நான்காம் நாள் அவற்றின் வாசனையே வேண்டாம் என்றாகிவிட்டது. புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கொண்டுபோயிருந்த துணை விமானியின் தாயாரை நாங்கள் மூவரும் தினமும் வாழ்த்தினோம். கடைகளில் விலை பேசாமலும் பெட்டியைத் திறந்து பார்க்காமலும் வாங்காதீர்கள். ஒரு சிறு கடையில் நான் வாங்கிய கையடக்க ரேடியோவின் பெட்டியில் மின்னேற்றி இல்லை என்பது சென்னை திரும்பிய பிறகே தெரிந்தது. கால்வலிக்குத் தைலம் கட்டாயம். ஒரு நாளில் பத்து கிலோமீட்டருக்குக் குறைவாக நான் நடக்கவே இல்லை.

நீங்களே விமானம் ஓட்ட விரும்பினால், இந்திய உரிமத்தின் அடிப்படையில் அமெரிக்கத் தனியார் விமானி உரிமம் பெற வழி இருக்கிறது. ஆனால் உரிமச் சரிபார்ப்பு முடிவதற்கும், பிறகு அங்கே ஒரு பயிற்றுநருடன் பறந்து கையொப்பம் பெறுவதற்கும் காலம் பிடிக்கும் என்பதால், விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே அதையும் தொடங்கிவிடுங்கள். விடுதி அறைகள் வெகு முன்னதாகவே தீர்ந்துவிடும்; கூடாரம் வேண்டாம் என்பவர்களுக்கு உள்ளூர்ப் பல்கலைக்கழக மாணவர் விடுதிகளில் இடம் கிடைப்பதுண்டு. பறந்து போக வழியே இல்லாதவர்கள் தொடக்க நாளுக்கு முந்தைய ஞாயிறே போய்ச் சேர்ந்து, ஒரு மடக்கு நாற்காலியோடு ஓடுபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். மேலே நான் சொன்னதில் பாதியாவது கண்ணுக்குக் கிடைக்கும்.

துணை விமானி நண்பர் முதல் இரண்டு நாட்கள் எதற்கும் அசையவில்லை. வானில் இன்னொரு விமானம் சில மைல் தொலைவுக்குள் வந்தாலே எச்சரிக்கை மணி ஒலிக்கும் விமானத்தை ஓட்டுபவருக்கு, அரை மைலில் ஒரு வரிசை என்பது ஒழுங்கீனமாகவே பட்டிருக்கிறது. மூன்றாம் நாள் அவர் காட்சியைப் பார்க்க வராமல், ஃபிஸ்க் அலைவரிசையைக் காதில் வைத்துக்கொண்டு செஸ்னாவின் நிழலிலேயே படுத்திருந்தார். அந்த அலைவரிசை இணையத்தில் நேரலையாகவும் கிடைக்கிறது. அங்கே காலை ஏழு மணிக்கு வரிசை தொடங்கும்போது இங்கே மாலை ஐந்தரை. இந்த ஜூலையில் அவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. விழா வாரத்தின் ஒவ்வொரு மாலையும் நங்கநல்லூர் மொட்டை மாடியில், உலர்த்திய துணிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு அமர்ந்து, யாரோ ஒரு மஞ்சள் பைப்பர் விமானத்தை இறக்கையாட்டச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு மாலைகள் நானும் போய் உட்கார்ந்தேன்.