பூனைக் கூண்டு: வாங்குமுன் பின்கதவைப் பாருங்கள்

ஷாப்பி, லசாடா இணையக் கடைகளில் பூனை பிடிக்கும் கூண்டு தேடினால் இரண்டு வகை வரும். ஒன்று, முன்பக்கம் மட்டும் கதவுள்ள மலிவான மடிப்புக் கூண்டு. மற்றது, முன்னால் விழும் கதவும், பின்னால் மேலே உருவி எடுக்கும் கதவும் கொண்ட கனமான கூண்டு. சிங்கப்பூரில் புளோக் பூனைகளை, அதாவது அடுக்குமாடிக் கட்டடங்களைச் சுற்றித் திரியும் தெருப் பூனைகளை, கருத்தடைக்குக் கொண்டுபோகிறவர்கள் இரண்டாவதையே வாங்க வேண்டும். முதலாவதும் பூனையைப் பிடித்துவிடும். பிடித்த பிறகுதான் தொல்லை தொடங்கும்.

மிரண்ட பூனை உள்ளே இருக்கும்போது முன்கதவைத் தூக்கினால், கையைக் கீறிவிட்டு ஓடிவிடும். ஒருமுறை மாட்டித் தப்பிய பூனை மறுபடி கூண்டுப் பக்கம் வருவது அரிது. பின்கதவு இருந்தால் வேலை எளிது. பூனையைத் தூக்கிச் செல்லும் பெட்டியான கேரியரின் வாயைப் பின்கதவோடு ஒட்டி வையுங்கள். கேரியரைத் துணியால் மூடி, கூண்டின் மேலிருக்கும் துணியை எடுத்துவிட்டு, இரண்டு கதவுகளையும் திறங்கள். பூனை தானாகவே இருட்டுப் பக்கம் போய்விடும். கிளினிக்கிலும் இதே கூண்டு உதவும். சீப்புப் பற்களைப் போன்ற தடுப்பைக் கம்பிகளுக்கு நடுவே செருகிப் பூனையை ஒரு மூலைக்கு ஒதுக்கினால், மருத்துவர் வலைக்கு வெளியிலிருந்தே மயக்க ஊசி போடலாம். அந்தத் தடுப்பைக் கூண்டோடு சேர்த்தே வாங்குங்கள்.

நீளம் 30 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. நம் தெருப் பூனைகள் பலவற்றுக்கு வால் குட்டையாகவோ முடிச்சு விழுந்தோ இருப்பதால் சின்னக் கூண்டு போதும் என்று தோன்றலாம். 24 அங்குலக் கூண்டில் கடுவனின் இடுப்பிலேயே கதவு விழும். கம்பிக் கண்ணி ஓர் அங்குலத்துக்கு அரை அங்குலம் இருப்பது நல்லது. பெரிய கண்ணியில் பூனை பாதத்தை விட்டு நகத்தைப் பிய்த்துக்கொள்ளும், மூக்கை முட்டிப் புண்ணாக்கிக்கொள்ளும். வாங்கியதும் உட்புறத்தைக் கையால் தடவிப் பாருங்கள். வெட்டிய கம்பி முனை குத்தினால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பூனை மிதித்ததும் கதவை விழவைக்கும் மிதிதட்டைச் சோதிக்க ஒரு கிலோ அரிசிப் பொட்டலம் போதும். அதை மெதுவாக வைக்கும்போது கதவு விழவில்லை என்றால், குட்டிகள் உள்ளே போய்த் தின்றுவிட்டுத் திரும்பி வந்துவிடும். கூண்டின் தரையில் செய்தித்தாள் விரியுங்கள். தாளின் ஓரம் மட்டும் தட்டின் அடியில் போகக் கூடாது, தட்டு அழுந்தாது.

கூண்டு வைக்கும் முன்பே அறுவை சிகிச்சைக்கு நாள் வாங்கியிருக்க வேண்டும். பிறகு சில நாள்கள் கதவைக் கேபிள் டையால் திறந்தபடி கட்டி, வழக்கமான நேரத்தில் உணவை உள்ளே வைத்துப் பழக்குங்கள். பிடிக்கிற அன்று டின் சார்டின் ஒரு தேக்கரண்டி, தட்டுக்கு அப்பால், கடைக்கோடியில். டின்னையே உள்ளே வைக்காதீர்கள், விளிம்பு வாயைக் கிழிக்கும். அதிகமாகவும் வைக்காதீர்கள். வயிறு நிறைந்த பூனை மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போகலாம். வளர்ந்த பூனையை இரவே பட்டினி போடச் சொல்வார்கள். குட்டிகளை அவ்வளவு நேரம் பட்டினி போட்டால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். எத்தனை மணி நேரம் என்று கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கதவு விழுந்த உடனே முழுக் கூண்டையும் மூடுங்கள். முட்டி மோதுவது அடங்கும். நம் வெயிலுக்குத் தடித்த துண்டு ஆகாது, பழைய பருத்திக் கைலி போதும். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு ஏறிவிட்டது என்று பொருள். துணியைப் பாதி விலக்கி, நிழலில் காற்றோட்டமாக வையுங்கள்.

கூண்டை வைத்துவிட்டு வீட்டுக்குப் போவது கொடுமை. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. வெயில், மழை, குறும்புக்காரச் சிறுவர்கள், எதுவும் நேரலாம். உடும்போ மரநாயோ மாட்டினால் உடனே திறந்து விடுங்கள். வனவிலங்கை அனுமதியின்றிப் பிடிப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

முதலில் காதைப் பாருங்கள். இடது காது நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால் கருத்தடை முடிந்த பூனை. வெட்டு இல்லாததெல்லாம் தெருப் பூனை என்று முடிவு கட்டாதீர்கள். 2024 செப்டம்பர் 1 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம். வெளியே நழுவிய வீட்டுப் பூனையாக இருக்கலாம் என்பதால் கிளினிக்கில் சிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். முலைக்காம்பு பெருத்து, சுற்றிலும் முடி உதிர்ந்திருந்தால் எங்கோ குட்டிகள் காத்திருக்கின்றன. அவை தாமாகத் தின்னத் தொடங்கும்வரை தாயை விட்டுவையுங்கள், அதற்குமேல் தள்ளிப்போடாதீர்கள். பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகும். சினைக்காலம் ஏறக்குறைய 9 வாரம்தான். குளிர்நாட்டுப் பூனைகளுக்குப் பகல் குறையும் மாதங்களில் இனப்பெருக்கம் ஓயும். இங்கே ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம் என்பதால் ஓய்வே கிடையாது.

நாய்களுக்கு இந்தக் கூண்டு பயன்படாது. அவற்றுக்கெனத் தேசியப் பூங்காக் கழகத்தின் கருத்தடைத் திட்டம் 2018 நவம்பர் முதல் நடக்கிறது.

எத்தனை நாள் வைத்தாலும் தட்டைத் தாண்டிக் காலெடுத்து வைக்கும் பூனைகள் உண்டு. அவற்றுக்கு, அடிப்பாகமில்லாத பெரிய பெட்டியைக் குச்சியால் முட்டுக் கொடுத்து, தூரத்திலிருந்து கயிற்றை இழுக்கும் வகை சரி. ஒருவரே கையாள்வது கடினம், கூட ஒருவர் வேண்டும். புளோக்கில் பூனைகளுக்கு உணவு வைக்கும் யாரிடமாவது இரவல் கேட்டுப் பாருங்கள். அடிக்கடி தேவைப்படாத பொருளுக்குக் காசு போட வேண்டாம்.

ஒவ்வொரு பூனைக்கும் பிறகு கூண்டைக் கழுவியே ஆக வேண்டும். பூனைகளின் பேன்லூக்கோபீனியா கிருமி கம்பியில் நெடுநாள் தங்கும், குட்டிகளைக் கொன்றுவிடும். முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்து அழுக்கை நீக்குங்கள், அழுக்கின் மேல் பிளீச் வேலை செய்யாது. பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி பிளீச் கலந்து 10 நிமிடம் நனைய விட்டு, நன்றாக அலசி, வெயிலில் காய வையுங்கள். டெட்டால் வேண்டாம். அது இந்தக் கிருமியைக் கொல்லாது, பூனைக்கும் நஞ்சு. ஈரத்தோடு மடித்து வைத்தால் பூச்சு உரிந்து கதவுத்தடம் துருப்பிடிக்கும். கதவு பாதியில் சிக்குவது பெரும்பாலும் அதனால்தான்.