பள்ளி மைதானத்துக்கு ரப்பர் டைல் போடப் போகிறீர்களா? முதலில் ஸ்கேலை எடுங்கள்

பெரம்பூர் பக்கம் ஒரு சின்னத் தொடக்கப் பள்ளி. என் மகள் அங்கே இரண்டாம் வகுப்பு. போன கோடை விடுமுறையில் மைதானத்தைச் சீரமைக்கலாம் என்று பெற்றோர்கள் சேர்ந்து நாலரை லட்சம் திரட்டினோம். சறுக்குமரம், ஊஞ்சல், அடியில் ரப்பர் டைல், வேப்பமரத்தடியில் திறந்தவெளி வகுப்பு. காண்டிராக்டரிடம் பேசியவன் நான்தான். அதனால் இப்போது திட்டு வாங்குவதும் நான்தான்.

லேப்டாப்பில் அவர் காட்டிய படங்களைப் பார்த்தால் சிங்கப்பூர் தோற்றுவிடும். "பில் வேண்டாம்னா ஜிஎஸ்டி 18 சதவீதம் மிச்சம் சார்" என்றார். தலையாட்டிவிட்டு, முக்கால் பணத்தை ரொக்கமாகவே கொடுத்தோம்.

ஆகஸ்ட் வெயிலில் சறுக்குமரத்தடியில் ஒரு டைலின் மூலை கிளம்பி நின்றது. மகளின் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். 20 மில்லிமீட்டர். கொட்டேஷனில் இருந்தது 50! ஓரத்து வரிசை மட்டும் அசல் 50. உள்ளே சிமென்டை ஏற்றி மட்டம் தட்டியிருக்கிறார். பிள்ளைகள் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் தாங்கும் என்பது பெரும்பாலும் டைலின் தடிமனைப் பொறுத்தது. ஆறடி சறுக்குமரத்துக்குக் கீழே 20 எம்எம் போட்டால் மண்டைதான் உடையும்.

சறுக்குமரம் ஃபைபர். மேல்பூச்சு மெலிசு. மூன்றே மாதத்தில் கண்ணாடி இழை வெளியே வந்து, பிள்ளைகள் தொடையைச் சொறிந்துகொண்டே வகுப்புக்குப் போனார்கள்.

வேப்பமரத்துக்கு அடிமரம் வரை சிமென்ட். மழைநீர் சேகரிப்புக் குழியின் மூடியையே காணோம். நவம்பரில் இரண்டு நாள் மழைக்குக் கணுக்கால் அளவு தண்ணீர் தேங்கிய பிறகு, உடைத்துத் தேடினால் குழி டைலுக்கு அடியில் கிடந்தது. வேரைச் சுற்றி மூன்றடிக்கு உடைத்துவிட மட்டும் கூலி ஆறாயிரம்.

இத்தனைக்கும் பள்ளி ஆயாம்மா ஆரம்பத்திலேயே, "ஒரு அடி ஆழத்துக்கு மணல் கொட்டுங்க தம்பி, போதும்" என்றார். பூனை அசிங்கம் பண்ணும் என்று நாங்கள்தான் தட்டிக்கழித்தோம்.

இப்போது அந்த ஆள் போனை எடுப்பதில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். பில் இருக்கிறதா என்று கேட்டார்கள். என்னத்தைச் சொல்ல?

அம்பத்தூர் பக்கம் ஒரு பள்ளியில் அதே படங்களைக் காட்டிக்கொண்டிருக்கிறாராம். அந்தப் பள்ளிப் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். வேலை முடிந்ததும் நடுவில் இருக்கிற டைலைத் தூக்கச் சொல்லி அளந்து பாருங்கள். அவர் ஓரத்து டைலைத்தான் காட்டுவார்.