மெஷின் இருக்கிறது, ஆர்டர் கொடுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக்குப் பின் தெருவில் ஒரு சமூகக் கூடம் உண்டு. அங்கே ஏழு தையல் மெஷின்கள் பல வருடமாகத் துணி போர்த்தியபடி நிற்கின்றன. ஒன்பது பெண்கள் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்துக்கு அரசு மானியத்தில் வந்தவை அவை. அத்தனை பேரும் நன்றாகத் தைப்பார்கள். ஆனால் தைத்ததை வாங்க ஆளில்லை. ஒரு அலுவலகத்துக்கு அவர்கள் சார்பில் நான்தான் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். பதிலே வரவில்லை.

கூட்டுறவுத் தொழில்களுக்கு அரசு கைகொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. எப்படிக் கைகொடுப்பது என்பதுதான் கேள்வி. தென்னாப்பிரிக்காவில் மூன்று வழிகளைப் பேசுகிறார்கள்: மானியமாகக் கொடுப்பது, அரசே சங்கங்களிடம் வாங்குவது, உறுப்பினர்களின் சேமிப்பைக் கூட்டுறவு வங்கியாக வளரவிடுவது.

முதலில் மானியம். 2005-இல் வந்த கூட்டுறவுச் சட்டப்படி ஐந்து பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். கறுப்பின மக்களின் சங்கங்களுக்காக ஊக்கத்தொகைத் திட்டம் ஒன்றும் இருந்தது (கறுப்பினம் என்னும் சட்டச் சொல்லில் இந்திய வம்சாவளியினரும் அடக்கம்). ஒரு சங்கத்துக்கு 3,50,000 ரேண்ட் வரை கிடைத்தது. சங்கங்கள் மளமளவென்று முளைத்தன. 2009-இல் வணிக, தொழில் துறையே எடுத்த கணக்கில் 22,030 சங்கங்கள் பதிவாகியிருந்தன. இயங்கிக்கொண்டிருந்தவை 2,644. நூற்றுக்குப் பன்னிரண்டு!

இதைப் பார்த்து, நம் மக்களுக்குக் கூட்டுறவு ஒத்துவராது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. மானியத்துக்காகவே ஐந்து பேர் கூடினால், மானியம் வந்த அன்றே கூடிய காரணம் தீர்ந்துவிடும். உண்மையாகவே தொழில் செய்வதற்காகச் சேர்ந்தவர்களும் மெஷின் வந்த பிறகு தனியாக விடப்பட்டார்கள். கணக்கு எழுத, விலை போட, வாங்குபவரைப் பிடிக்க யாரும் கூட நிற்கவில்லை. மானியமே வேண்டாம் என்றும் நான் சொல்லமாட்டேன். அடகு வைக்க ஒன்றும் இல்லாத குடும்பங்களுக்கு முதல் அடி எடுத்து வைக்க வேறு வழி ஏது? ஆனால் அது முதல் அடி மட்டும்தான்.

இரண்டாவது, அரசே வாங்குவது. இதை யாராவது புதுமை என்று சொன்னால் இந்த நாட்டின் சொந்த வரலாற்றைக் காட்டலாம். வெள்ளை விவசாயிகளுக்கு அரசு என்ன செய்தது? 1912-இல் விவசாயக் கடன் கொடுக்கும் அரசு வங்கியான லேண்ட் பேங்க் வந்தது, 1922-இல் கூட்டுறவுச் சங்கச் சட்டம் வந்தது. பிறகு 1937-இன் சந்தைப்படுத்தல் சட்டம். அதன் கீழ் வந்த கட்டுப்பாட்டு வாரியங்கள் சோளம், கோதுமை போன்ற விளைச்சலுக்கு விலை வைத்தன. அவற்றின் முகவர்களாக நின்று தானியத்தை வாங்கிச் சேமித்தவை விவசாயிகளின் கூட்டுறவுகள். குறைந்த வட்டிக் கடன் ஒரு பக்கம், நிச்சயமான விற்பனை இன்னொரு பக்கம், அதுவும் பல பத்தாண்டுகள் விடாமல்! அப்படி வளர்ந்தவைதான் தானியத்தில் சென்வெஸ், பாலில் க்ளோவர், ஒயினில் கேடபிள்யூவி. 1990-களில், வாரியங்களுக்கு முடிவு நெருங்கிய காலத்தில், இவை ஒவ்வொன்றாகக் கம்பெனிகளாக மாறின. பொதுப்பணத்தின் துணையில் சேர்ந்த சொத்து பங்குகளாகப் பிரிந்தது. டர்பனைச் சுற்றிக் கீரையும் கத்தரிக்காயும் பயிரிட்ட எங்கள் பாட்டன்மாருக்கு அந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. அவர்களுக்குச் சந்தை என்றால் விடியுமுன் தலைச்சுமையோடு போய் உட்காரும் இடம்தான். டர்பனின் வார்விக் பகுதியில் உள்ள அந்தக் காலைச் சந்தையையும் 2009-இல் இடித்து மால் கட்டப் பார்த்தார்கள். வியாபாரிகள் போராடித்தான் காப்பாற்றினார்கள். 12 சதவீதக் கணக்கு வந்த அதே ஆண்டு அது!

ஆக, இந்த மண்ணில் கூட்டுறவு வளராது என்பது பொய். விற்பனைக்கு வழிசெய்து கொடுத்த இடத்தில் வளர்ந்திருக்கிறது.

தமிழ்நாட்டிலும் இதற்குச் சாட்சி உண்டு. 1983-இல் தொடங்கிய விலையில்லா வேட்டி, சேலைத் திட்டத்தால் ஏழைகளுக்குத் துணி கிடைத்தது, நெசவாளர் சங்கங்களுக்கு வருடா வருடம் வேலையும் கிடைத்தது. இங்கேயே கௌடெங் மாகாணத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கான இலவசச் சீருடையை உள்ளூர்க் கூட்டுறவுகளிடம் தைக்கக் கொடுத்தார்கள். எங்கள் மாகாணமான குவாசூலு-நட்டாலில் நேர்மாறாக நடந்தது. 2023-இல் பள்ளிச் சத்துணவுப் பொருள்களை வழங்கும் வேலையைச் சிறிய வழங்குநர்களிடமிருந்து எடுத்து ஒரே நிறுவனத்திடம் கொடுத்தார்கள். ஏப்ரலில் இரண்டாம் பருவத்துக்குப் பள்ளி திறந்தபோது பல பள்ளிகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரவில்லை. சிறியவர்களை நம்பக்கூடாது, பெரியவர்தான் ஒழுங்காகக் கொடுப்பார் என்ற எண்ணத்துக்கு விலையாகப் பிள்ளைகள் பட்டினி கிடந்தார்கள்.

இந்த வழியிலும் ஆபத்து இருக்கிறது. பெயருக்குப் பத்துப் பெண்களை உறுப்பினராக்கி, பின்னால் ஒரு காண்டிராக்டர் லாபம் எடுப்பார். அதைத் தடுக்க உறுப்பினர் பட்டியலையும் உபரி பிரித்த கணக்கையும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். இன்னொன்று, பணம் வரும் வேகம். இன்வாய்ஸ் கொடுத்து 30 நாளுக்குள் அரசு பணம் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அது மீறப்படும்போது பெரிய கம்பெனி தாங்கிக்கொள்ளும். நூல் வாங்கவே கடன்பட்ட சங்கம் இரண்டாவது மாதமே மூடிவிடும்.

மூன்றாவது வழி மெதுவானது, ஆனால் எனக்குப் பிடித்தது. நம் பாட்டிமார் சீட்டு என்றார்கள், பக்கத்து வீட்டு சூலு அம்மாக்கள் ஸ்டாக்வெல் என்கிறார்கள். சேமிக்கும் பழக்கம் இரு பக்கமும் உண்டு. அதற்குச் சட்டத்தின் பாதுகாப்புத் தர 2007-இல் கூட்டுறவு வங்கிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் வைத்த வாசற்படி 200 உறுப்பினர்கள், 10 லட்சம் ரேண்ட் வைப்புத்தொகை. கூலிவேலை செய்பவர்கள் சேர்ந்து அதைத் தொட எத்தனை வருடம் ஆகும்! முதல் இரண்டு வங்கிகள் பதிவாகவே 2011 ஆனது. வாசற்படியைத் தாழ்த்தச் சொல்லவில்லை, ஏழைகளின் சேமிப்புக்குக் காவல் தேவை. ஏறுவதற்குத் துணை கொடுங்கள், கணக்கு மென்பொருளையும் தணிக்கைச் செலவையும் அரசு ஏற்கட்டும். ஆனால் விற்பனை இல்லாத சங்கம் எந்த வங்கியில் கடன் வாங்கினாலும் திருப்பிக் கட்டாது. அதனால் இது சந்தைக்குப் பிறகுதான்.

வரிச்சலுகை, பயிற்சி வகுப்பு பற்றியும் பேசுகிறார்கள். லாபமே பார்க்காத சங்கத்துக்கு வரிச்சலுகை எதற்கு? பயிற்சியும் கையில் ஆர்டர் இருக்கும்போது கொடுத்தால்தான் ஒட்டும்.

எனவே என் வரிசை இது: முதலில் சந்தை, அப்புறம் கடன், தேவைப்பட்ட இடத்தில் மட்டும் மானியம். எங்கள் மாகாண அரசிடம் கேட்பதும் இதைத்தான். ஆஸ்பத்திரிப் போர்வை, ஏழைப் பிள்ளைகளின் சீருடை, பள்ளிச் சமையலுக்கான காய்கறி, இவற்றில் ஒரு பங்கை உள்ளூர்க் கூட்டுறவுகளுக்கென்று ஒதுக்குங்கள். ஒரு வருட டெண்டராக இல்லாமல் மூன்று வருட ஒப்பந்தமாகக் கொடுங்கள். பள்ளி ஜனவரியில் திறக்கிறது, சீருடை ஆர்டர் ஜூலையிலேயே வரவேண்டும். பணத்தை 30 நாளில் தாருங்கள்.

அந்த ஒன்பது பேரில் ஆறு பேர் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். போன வாரம் கூடத்துக்குப் போய்ப் பார்த்தோம். பெல்ட் மாற்றி எண்ணெய் விட்டால் ஐந்து மெஷின் ஓடும்.