சந்தாப் பேரேட்டின் பென்சில் குறிகள்: திருகோணமலையில் ஓர் ஆவண ஸ்கேன் கடை

புல்மோட்டை கனிய மணல் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்ற என் பெரியப்பா, தொழிற்சங்கக் கடதாசிகளை ஓர் இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். அவற்றைத் திருகோணமலை நகரில் பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்து தரும் ஒரு சிறு கடையில் கொடுத்து, மூன்று வாரங்களில் திரும்பப் பெற்றேன். இத்தகைய பெட்டிகள் நம் மாவட்டத்தில் இன்னும் பல வீடுகளில் இருக்கக்கூடும் என்பதால், அந்தக் கடையின் வேலையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கடற்கரைக் கறுப்பு மணலிலிருந்து இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் ஆகிய கனிமங்களைப் பிரித்தெடுக்கும் கனிய மணல் கூட்டுத்தாபனம் 1957இல் உருவானது. அரசே முதலாளியாக இருந்த அந்த இடத்தில் தொழிலாளர் தம் பக்கத்து நியாயத்தை எப்படிப் பேசினார்கள் என்பதை அரச அறிக்கைகளில் தேடிப் பயனில்லை. கூட்டக் குறிப்புகளிலும், றோணியோ என்ற பழைய பிரதியெடுக்கும் இயந்திரத்தில் அடித்த மே தினத் துண்டுப்பிரசுரங்களிலும்தான் அது கிடைக்கிறது. 1980 யூலைப் பொது வேலைநிறுத்தத்தில், பதவியைத் தாமாகவே விட்டு விலகியோராகக் கருதப்பட்டு ஏறத்தாழ 40,000 பேர் வேலை இழந்ததைப் பற்றிய பத்திரிகை நறுக்குகளையும் பெரியப்பா சேர்த்து வைத்திருந்தார்.

கடைக்காரத் தம்பி துருப்பிடித்த ஊசிகளைக் கடதாசி கிழியாமல் ஒவ்வொன்றாகக் கழற்றினார். தாளைத் தானாக இழுக்கும் இயந்திரத்தில் எதையும் போடவில்லை. ஒரு பக்கம் சிங்களமும் மறுபக்கம் தமிழுமாக இருந்த துண்டுப்பிரசுரங்களை இரு பக்கமும் எடுத்து, ஒன்றாகவே சேர்த்திருந்தார். 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஒரு சங்கத்தைப் பதிவதற்கு ஏழு பேர் ஒப்பமிட வேண்டும். எங்களிடமிருந்த விண்ணப்பத்தில் ஏழாவது ஒப்பம் ஊதா மையில் பதித்த பெருவிரல் அடையாளம். அதன் ரேகைகள்கூடத் தெளிவாக வந்திருக்கின்றன.

குறை நேர்ந்தது சந்தாப் பேரேட்டில். முதல் தடவை அதனைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துவிட்டார்கள். பெயர்கள் மையில் எழுதப்பட்டிருந்ததால் பளிச்சென்று வந்தன. மாதக் கட்டங்களில் பொருளாளர் பென்சிலால் இட்ட குறிகளோ அடியோடு மறைந்து போயின. வெளிறிய கோடுகளையெல்லாம் கறை என்று எண்ணி வெள்ளையாக்கிவிடுவது அந்த முறையின் இயல்பு. ஒரு பெயருக்கு எதிரே, “வீட்டில் சுகயீனம், கேட்க வேண்டாம்” என்று மிகச் சிறிதாக எழுதியிருந்த பென்சில் வரியும் அதோடு போயிற்று. சங்கம் என்றால் என்ன என்பதை எனக்குச் சொன்ன வரி அதுதான் என்பதால், மனம் மிகவும் நொந்தது. மூலத்தைக் காட்டிக் கேட்டவுடன், தம்பி மறுபேச்சின்றி முழுப் பேரேட்டையும் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் வீதம் நிறத்தில் மீண்டும் எடுத்துத் தந்தார். மேலதிகக் கட்டணம் வாங்கவில்லை.

கோப்புகளுக்கு வெறும் எண்களையே பெயராக இட்டிருந்தார்கள். திகதி முதலில் வரும்படி நானே பெயர்களை மாற்றிக்கொண்டேன். மூலங்களை லமினேட் செய்துகொள்ளலாம் என்ற யோசனையை மட்டும் ஏற்காதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பின்னர் கடதாசிக்குச் சேதமின்றி உரிக்க இயலாது. நம் ஊர்க் கடற்காற்றின் ஈரத்துக்கு, இறுக மூடிய பொலித்தீன் பையும் ஆகாது.

கட்டணம் சாதாரணப் போட்டோப்பிரதிக் கடையைவிடக் கூடுதல்தான். அந்தக் கைப்பக்குவத்துக்கு அது தகும். பெரியப்பாவின் நண்பர் ஒருவர் தம்மிடமுள்ள பேரேடுகளையும் தர இசைந்திருக்கிறார். அவற்றையும் அதே கடையில்தான் கொடுக்கப்போகிறேன், முதற்பக்கத்திலிருந்தே நிறத்தில் எடுக்கும்படி எழுதிக் கொடுத்து.