மழைக்காலத்தில் புல்தரை விற்பவர்கள்: சேலத்துக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டு முன்புறம் புல்தரை போட நினைப்பவர்கள் பணத்தை எடுத்து நீட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் வேலை பிடிக்கும் ஒரு புல்தரைக் குத்தகைக்காரரிடம் நான் கொடுத்தது 62,000 ரூபாய். புல் போட 44,000, ஓராண்டுப் பராமரிப்புக்கு முன்பணமாக 18,000. இப்போது வாசலில் இருப்பது கோரையும் கட்டாந்தரையும்தான்.

அவர் வந்தது ஐப்பசியில். அந்த மாதத்தில் சேலத்தில் எதை நட்டாலும் பச்சையாகத்தான் இருக்கும். அதுதான் அவருடைய மூலதனம். ஏற்காட்டு பங்களாப் புல்வெளிகளைக் கைபேசியில் காட்டி, “இதே புல்தான் அம்மா, வருடம் முழுக்க இப்படியே இருக்கும்” என்றார். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் நகரம் 300 மீட்டரைக்கூடத் தொடாது. 20 கொண்டையூசி வளைவுகளுக்கு மேலே மேகத்தில் நனைந்து கிடக்கும் புல்லைக் காட்டி, சித்திரை வெயிலில் வேகும் ஊரில் வியாபாரம் செய்யத் தனித் துணிச்சல் வேண்டும்.

அரை அடி ஆழம் கொத்தி, கல் பொறுக்கி, செம்மண்ணும் மக்கிய தொழு உரமும் கலந்து, அதன்மேல் கொரியன் புல். இதுதான் பேச்சு, தாளிலும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். நாங்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் மண்ணோடு வெட்டிய புல் பத்தைகளைப் பரப்பி முடித்துவிட்டார்கள். பங்குனியில் ஓரம் காய்ந்திருந்த பத்தை ஒன்றைப் பிடித்து இழுத்தேன். பாய் போலச் சுருண்டு கையோடு வந்தது. அடியில் ஒரு விரற்கடை எம்-சாண்ட். அதற்கும் கீழே செங்கல் சில்லு, இறுகிப்போன சிமெண்ட் கட்டி, ஒரு பீடிக் கட்டின் காகிதம். வேர் அந்த மணலைத் தாண்டவே இல்லை. மழை இருந்தவரை மேல் ஈரத்திலேயே பிழைத்திருக்கிறது. காலையில் விட்ட தண்ணீர் மதியத்துக்குள் காய்ந்துவிடும் இடத்தில் எந்தப் புல் நிற்கும்? மாமரத்தின் அடர்ந்த நிழலிலும் அதே கொரியன் புல்லைப் போட்டிருந்தார். அது தை மாதமே போய்விட்டது.

பிறகு டேப் வைத்து அளந்தால், 550 சதுர அடிக்குப் பணம் வாங்கிய இடம் 410தான்.

பராமரிப்பு இதைவிடக் கொடுமை. புல் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் ஐப்பசி, கார்த்திகையில் ஆட்கள் தவறாமல் வந்தார்கள். மாசி பிறந்ததும் போனை எடுப்பதில்லை. கெஞ்சிக் கூப்பிட்ட பிறகு சித்திரையில் வந்து தரையோடு தரையாக மழித்துவிட்டுப் போனார்கள். ஒரு வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. கோடையில் சற்று உயரமாகவே விட வேண்டும், அந்தப் புல்தாள்தான் மண்ணுக்கு நிழல். அன்றே உச்சி வெயிலில், தண்ணீர்கூட விடாமல், ‘ஸ்பெஷல் உரம்’ என்று வெள்ளைக் குருணையை வாரி இறைத்தார்கள். பெயரில்லாத பை, கிலோ 180 ரூபாய். பக்கத்து வீட்டுப் பெரியவர், வாழப்பாடிப் பக்கம் விவசாயம் செய்தவர், இரண்டு குருணையை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து, “யூரியாம்மா இது” என்றார். 45 கிலோ மூட்டையே 300 ரூபாய்க்குள் கிடைக்கும் சரக்கு! விழுந்த இடமெல்லாம் மறுவாரம் கருகிய திட்டுகள்.

கேட்டின் ஓரம் மட்டும் பெயருக்குக் கொட்டிய செம்மண்ணோடு கோரைக்கிழங்கும் வந்திருக்கிறது. பிடுங்கினால் தாள் கையோடு வரும், கிழங்கு கீழேயே தங்கிவிடும். ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஓடுவதால், மண்வெட்டியால் கிளறி ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறோம்.

யாரிடம் வேலை கொடுத்தாலும், படத்தை நம்பாமல் அவர் சேலத்திலேயே போட்ட புல்தரை ஒன்றை மே மாதத்தில் நேரில் பாருங்கள். மண் கொத்தும் நாளில் வீட்டில் ஒருவர் இருங்கள். பத்தை வந்து இறங்கும் முன் குழியைப் பாருங்கள். பராமரிப்புப் பணத்தை மாதாமாதம் கொடுங்கள். ஆண்டுப் பணம் மொத்தமாக வேண்டும் என்பவர் கோடைக்கு வரமாட்டார்.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுக் கொடுக்கப் போகிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. குறை நேர்ந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். அவர் கையெழுத்திட்ட மதிப்பீட்டுத் தாள், பணம் அனுப்பிய வங்கி விவரம், பத்தையைத் தூக்கி எடுத்த படங்கள் எல்லாம் இருக்கின்றன. இதே ஆளிடம் ஏமாந்தவர்கள் இருந்தால் உங்கள் தாள்களையும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள். சேர்ந்தே மனுக் கொடுக்கலாம்.