லேடெக்கில் இத்தாலியச் சொல் பிரிப்பு: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

இத்தாலிய நூல்களின் பக்க வடிவமைப்புக்குப் பல ஆண்டுகளாக லேடெக் (LaTeX) என்ற அச்சுக்கோப்பு மென்பொருளையும், அதில் பல மொழிகளைக் கையாள உதவும் பேபெல் தொகுப்பையும் பயன்படுத்துகிறேன். வரி முடிவில் சொல்லை அது எப்படி உடைக்கிறது என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

இதற்கான விதிக்கோப்பை உருவாக்கியவர் டூரின் பொலிடெக்னிக்கில் பேராசிரியராக இருந்த கிளாவுதியோ பெக்காரி. 1992இல் டெக் பயனர் குழுவின் டக்போட் (TUGboat) இதழில் அதை விளக்கி எழுதினார். ஆங்கிலத்துக்கான மூலக்கோப்பில், எங்கே உடைக்கலாம், எங்கே கூடாது என்று காட்டும் எழுத்து வடிவங்கள் 4,447 உண்டு. இத்தாலியத்துக்குச் சில நூறே போதுமானதாக இருக்கின்றன. எழுத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் அசை தெரிந்துவிடும் மொழியாயிற்றே! இரட்டித்த மெய் நடுவில் பிரியும்: காத்-தோ. 'ஸ்' மட்டும் அடுத்த மெய்யோடு போகும்: பா-ஸ்தா, குவே-ஸ்தோ. ஸ்பானியம் பழகியவர்கள் பாஸ்-தா என்றே உடைப்பார்கள்; மென்பொருள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

உயிரும் உயிரும் அடுத்தடுத்து வந்தால் மென்பொருள் பெரும்பாலும் தொடாமல் விட்டுவிடும். 'போஎதா' மூன்று அசைச் சொல். ஆனால் போஎ-தா என ஓரிடத்தில்தான் உடையும். குறுகிய பத்திகளில் இதனால் சொல்லிடைவெளி அகன்று கண்ணை உறுத்தும். தவறாக உடைவதற்கு இது எவ்வளவோ மேல்.

பின்னொட்டுகளால் தொல்லையே இல்லை. லீ-ப்ரோ, லி-ப்ரேத்-தோ, லி-ப்ரோ-னே எல்லாம் சுத்தம். 26 எழுத்துள்ள 'ப்ரெசிபிதெவோலிஸ்ஸிமெவோல்மெந்தே'கூடப் பதினோரு அசையாக ஒழுங்காகப் பிரிகிறது.

சிக்கல் முன்னொட்டில்தான். 'சுப்லீமே' சு-ப்லீ-மே ஆகிறது. 'சுப்' என்ற முன்னொட்டுள்ள 'சுப்லுநாரே'யோ சுப்-லு-நா-ரே என்று பிரிகிறது. இந்த வேறுபாடு கோப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் 'த்ரான்ஸ்' என்ற முன்னொட்டுக்குப் பின் உயிர் வந்தால் ஒலிப்படியே போய்விடும்: த்ரான்-சா-த்லான்-தி-கோ. இலக்கணம் இதையும் ஏற்கிறது, முன்னொட்டைத் தனியே நிறுத்துவதையும் ஏற்கிறது. இரண்டாவது வேண்டுமென்றால் முன்னொட்டுக்குப் பின்னால் ஓர் இரட்டை மேற்கோள் குறியைத் தட்டலாம்; புதிய பதிப்புகளில் அந்தக் குறியை முதலில் இயக்கிவைக்க வேண்டும். வேதியியல், மருத்துவ நூல்களில் தயங்காமல் இட்டுவிடுவேன். நாவல்களில் தேவையே இல்லை. ஒரே நூலில் இரண்டு முறையும் கலந்து வருவதுதான் அசிங்கம். அதனால் முன்னொட்டுச் சொற்களை வேலை தொடங்கும் முன்பே பட்டியலிட்டுக்கொள்கிறேன்.

உயிர் கெட்ட இடத்தில் வரும் மேற்குறியை (') எழுத்தாகவே கணக்கிடுவதால் 'தெல்ல்'ஆர்தே' தெல்-ல்'ஆர்-தே என்று உடைகிறது. சில செய்தித்தாள்கள் வரிக்கடைசியில் மேற்குறியைத் தொங்கவிடும். எனக்கு அது சகிக்காது.

அயல்பெயர்களில் மட்டும் எச்சரிக்கை தேவை. இத்தாலியத்தில் ஜி, என் இரண்டும் பிரியாத இணை. ஜெர்மானிய 'வாக்னர்' வாக்-னர் என உடைய வேண்டியிருப்பதால் கோப்பில் அதற்கென்றே தனி விதி இருக்கிறது. எல்லாப் பெயருக்கும் அந்தச் சலுகை கிடையாது. மற்றவற்றை விதிவிலக்குப் பட்டியலில் நாமே சேர்க்க வேண்டும்.